எந்தச் சீட்டு வந்தாலும் ஏற்றுகிற மச்சான்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மலையேறி வந்துவிடுவார். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இருவரும் உட்கார்ந்து போக்கர் ஆடுவோம், டெக்சாஸ் ஹோல்டெம். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து, அந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவர் ஜெயிப்பார். பணம் கிடையாது. ஆளுக்கு நூறு காபிக்கொட்டை, ஒரு கொட்டை பத்து என்று கணக்கு. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே மாறி மாறிக் கட்ட வேண்டிய தொகை, 10, 20. தோற்றவர் அடுத்த முறை தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். ஏழு வாரமாக நான்தான் வாங்கித் தருகிறேன்.

அவர் எந்தச் சீட்டு வந்தாலும் 60 என்று ஏற்றுவார். ஃபிளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கிற மூன்று சீட்டில், என்ன விழுந்தாலும் போடுவார். எதிர்த்தால் ஆல்-இன், இருப்பதை எல்லாம் தள்ளிவிடுவார். நான் நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கிறேன். அது வந்து நான் பெரிதாக ஏற்றினால் மட்டும் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுகிறார்.

போன வாரம் ஆரம்பத்திலேயே, இருவரிடமும் ஆயிரம் இருக்கும்போது, எனக்கு ராஜா-9. அவர் 60 ஏற்றினார், கால் செய்தேன், அதாவது நானும் அதே தொகையைக் கட்டினேன். ஃபிளாப்பில் இஸ்பேடு ராஜா, டைமன் 7, கிளாவர் 4. அவர் 120, கால் செய்தேன். அடுத்து ஆர்ட்டின் 2. அவர் 200, கால் செய்தேன். கடைசிச் சீட்டு டைமன் ஜாக்கி. மிச்சமிருந்த 620ஐயும் தள்ளிவிட்டார். இரண்டு ஜோடி வைத்திருப்பார் என்று பயந்து கீழே வைத்தேன். அவர் 8-5ஐத் திருப்பிக் காட்டினார். நான் செய்தது தப்பா? இப்படி ஆடுகிறவரை எப்படிச் சமாளிப்பது? ஃபோனில் பணம் கட்டி ஆடிப் பழகினால் தைரியம் வருமா?

— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு தொகையையும் மறக்காமல் எழுதியிருந்ததுதான். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, "பயங்கரமாக அடித்தார், விட்டுவிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். தொகை தெரியாமல் ஒரு கையைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதனால் அந்த ராஜா-9இன் கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் கொடுக்க வேண்டியிருந்தது 620. நடுவில் ஏற்கனவே கிடந்தது 1,380. கால் செய்திருந்தால் மொத்தம் 2,000 ஆகியிருக்கும். 2,000த்தில் 620 என்பது 31 சதவீதம். அதாவது, நூறு முறை இதே இடம் வந்தால் 31 முறை ஜெயித்தாலே உங்களுக்கு நஷ்டம் இல்லை. பாதிக்குப் பாதிகூடத் தேவை இல்லை.

சரி, உங்களை ஜெயிக்கிற கைகள் எத்தனை? உங்கள் இரண்டு சீட்டும் நடுவில் உள்ள ஐந்தும் போக மிச்சம் 45. அதில் இரண்டு சீட்டை 990 விதமாக எடுக்கலாம். இந்த ஐந்து பொதுச் சீட்டில் பிளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து, போட வழியே இல்லை, வரிசையாக ஐந்து சேருகிற ஸ்ட்ரெயிட்டுக்கும் இல்லை. பெரிய துணையோடு வருகிற ராஜா, அதாவது ஏஸ்-ராஜா, ராஜா-ராணி, ராஜா-10 மூன்றும் சேர்த்து 24 விதம். நீங்கள் பயந்த இரண்டு ஜோடி 78 விதம். ஒரே எண்ணில் மூன்று சேருவது 13. கையிலேயே இரண்டு ஏஸ் என்பது 6. கூட்டினால் 121. உங்களுக்குச் சமமான கை 6. மிச்சம் 863 விதமான கைகள் உங்களிடம் தோற்கின்றன.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 121 கைகளில் எது இருந்தாலும் மச்சான் ஆல்-இன் போடுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 31 சதவீதம் வருவதற்கு, தோற்கிற 863 கைகளில் வெறும் 55 கைகளோடு அவர் பொய்யாகத் தள்ளினால் போதும். பதினாறில் ஒன்று. எந்தச் சீட்டு வந்தாலும் ஏற்றுகிற மனிதர், ஃபிளாப்பில் பார்க்காமலே போடுகிறவர், பதினாறில் ஒரு முறையாவது வெறுங்கையோடு தள்ள மாட்டாரா? ஏழு வாரமாக அவரை எதிரே உட்கார்ந்து பார்க்கிறீர்கள். பதில் உங்களுக்கே தெரியும். அவர் 8-5ஐக் காட்டியதால் இதைச் சொல்லவில்லை. ஏஸ்-ராஜாவைக் காட்டியிருந்தாலும் அதுதான் சரியான கால்.

ஆக, தப்புதான். ஆனால் நம் பக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற தப்பு அது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நமக்கு வீட்டில் சீட்டு என்றால் ரம்மி. பதின்மூன்று சீட்டு ரம்மியில் முதலிலேயே டிராப் போட்டால் 20 பாயிண்ட், நடுவில் போட்டால் 40, முழுக்க மாட்டினால் 80. சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுப்பது, "கை சரியில்லையா, உடனே வை" என்பது. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது அது நல்ல புத்தி. இருவர் மட்டும் ஆடுகிற போக்கரில் அதே புத்தி உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஒரு கையில் 20, அடுத்த கையில் 10 என்று பிளைண்ட் கட்டுகிறீர்கள். சராசரியாகக் கைக்கு 15. ஒன்றுமே ஆடாமல் வைத்துக்கொண்டே இருந்தால் உங்கள் ஆயிரமும் 67 கையில் தீர்ந்துவிடும். உங்கள் மச்சான் அநேகமாக மூணு சீட்டு ஆடி வளர்ந்தவராக இருப்பார். அங்கே சீட்டைப் பார்க்காமல் பிளைண்டிலேயே ஏற்றுவது ஒரு ஆட்டமுறை, பார்த்து ஆடுகிறவர்தான் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வந்து அவர் உங்கள் டிராப்பை வாரா வாரம் வசூல் செய்கிறார்.

நல்ல சீட்டுக்குக் காத்திருக்கிறேன் என்கிறீர்களே, அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்று பார்க்கலாம். பேச்சுக்கு, அவர் ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10-10இலிருந்து மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, இவை வந்தால் மட்டும்தான் கால் செய்வேன் என்று நீங்கள் உட்கார்ந்தால், அப்படி ஒரு கை 21க்கு ஒன்றுதான் வரும். அதற்குள் சராசரியாக 20 கையை வைத்திருப்பீர்கள், 300 போயிருக்கும். கையில் 700. அந்த நல்ல கைகள் கண்மூடித்தனமான கைக்கு எதிரே சராசரியாக 72 சதவீதம் ஜெயிக்கும். 700ஐ வைத்து ஆடினால் சராசரி லாபம் ஏறக்குறைய 300. காத்திருந்து இழந்ததும் அதே 300. வரவும் செலவும் சரிக்குச் சரி. ஏழு வாரம் பொறுமையாக இருந்தும் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதற்கு இதுதான் கணக்கு.

இப்போது கொஞ்சம் இறங்கி வாருங்கள். 5-5இலிருந்து எல்லா ஜோடிகளும், துணைச் சீட்டு 7 அல்லது அதற்கு மேல் உள்ள எல்லா ஏஸும், ராஜாவோடு 10, ஜாக்கி, ராணி. இவை ஆறு கைக்கு ஒன்று வரும். காத்திருப்புச் செலவு 75. இவற்றில் மிகப் பலவீனமானதுகூட ஏதோ ஒரு கைக்கு எதிரே 60 சதவீதம் பக்கம் ஜெயிக்கும், சராசரி 65. மிச்சமுள்ள 925ஐ வைத்து ஆடினால் சராசரி லாபம் 280 பக்கம். செலவு 75 போக நல்ல மிச்சம். ஏஸ்-7ஐப் பார்த்தால் உங்களுக்கு ஆல்-இன்னைக் கால் செய்கிற கை மாதிரியே தோன்றாது, தெரியும். ஆறு பேர் ஆட்டத்தில் அது அப்படிப்பட்ட கையே இல்லை. இருவர் ஆட்டத்தில், இந்த மனிதருக்கு எதிரே, அது நல்ல கை.

நிஜத்தில் அவர் ஒவ்வொரு முறையும் ஆல்-இன் போடுவதில்லை, 60தான் ஏற்றுகிறார். அது உங்களுக்கு இன்னும் நல்லது. பெரிய பிளைண்டில் 20 ஏற்கனவே கட்டிவிட்டீர்கள், மேலே 40 கொடுத்தால் 120ல் பங்கு. மூன்றில் ஒரு பங்கு ஜெயித்தால் போதும். இருக்கிறதிலேயே மோசமான 3-2கூட ஏதோ ஒரு கைக்கு எதிரே 32 சதவீதம் ஜெயிக்கும். அதற்காக 3-2ஐ ஆடச் சொல்லவில்லை. அவர் டீலராக இருக்கும்போது ஃபிளாப்புக்குப் பிறகு நீங்கள்தான் முதலில் பேச வேண்டும், அந்தச் சங்கடத்துக்கு ஒரு விலை உண்டு. அடிமட்டத்தில் உள்ள மூன்றில் ஒரு பங்கு கைகளை வைத்துவிடுங்கள். மிச்சத்தை ஆடுங்கள்.

ஃபிளாப்புதான் உங்கள் வீடு தீப்பிடிக்கிற இடம். ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு போனால், மூன்றில் இரண்டு முறை ஃபிளாப்பில் உங்களுக்கு ஒரு ஜோடிகூடச் சேராது. "ஒன்றும் சேரவில்லை" என்று ஒவ்வொரு முறையும் வைத்தீர்கள் என்றால், மச்சான் 120க்கு 120 போட்டு, கையைப் பார்க்காமலே லாபம் சம்பாதிக்கலாம். அவருக்குத் தேவை இரண்டில் ஒரு முறை நீங்கள் வைப்பது. நீங்கள் மூன்றில் இரண்டு முறை வைக்கிறீர்கள். அதனால் ஃபிளாப்பில் நடு ஜோடி, கடைசி ஜோடி, நல்ல ஃபிளாப்பில் வெறும் ஏஸ்கூட, ஒரு முறை கால் செய்யத் தகுந்தவை. வெறுங்கையோடு போடுகிறவரிடம் 7-7ம் ராஜா-ராஜாவும் ஒரே வேலையைத்தான் செய்யும். அவரிடம் எதுவும் இல்லை என்றால் இரண்டுமே ஜெயிக்கும்.

அப்புறம், நல்ல கை கிடைத்தவுடன் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கஷ்டமாக இருந்த வரி அதுதான்: "நான் பெரிதாக ஏற்றினால் மட்டும் கீழே வைத்துவிடுகிறார்." ஒரு மணி நேரம் வாயே திறக்காதவர் திடீரென்று சத்தமாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாதா? ஃபிளாப்பில் 120 இருக்கும்போது அவர் பாதியளவு, 60 போடுகிறார் என்று வையுங்கள். நீங்கள் உடனே ஏற்றினால் அவர் குப்பையை வைத்துவிடுவார், உங்களுக்குக் கிடைப்பது அந்த 60 மட்டும். சும்மா கால் செய்தால் பாட், அதாவது நடுவில் சேர்ந்த தொகை, 240 ஆகும். அடுத்த சீட்டில் அவர் 120 போடுவார், 480 ஆகும். கடைசியில் 240 போடுவார். அதே குப்பைக் கையோடு 420ஐ அவரே கொண்டுவந்து வைத்திருப்பார். எதுவும் போடாமல் விடுகிற செக், அவர் போட்டதும் கால். செக், கால். கைதட்டல் எதுவும் கிடைக்காத ஆட்டம் இது, ஆனால் இப்படி ஆடுகிறவருக்கு எதிரே இதைவிடச் சம்பாதித்துத் தருகிற வழியை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு விலக்கு. ஃபிளாப்புக்கு முன்னால் ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ, ஏஸ்-ராஜாவோ வந்தால் பதுங்காதீர்கள். அவர் 60 ஏற்றினால் நீங்கள் 160, 180 என்று ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எதிர்த்தால் ஆல்-இன் போடுவது அவர் சுபாவம் என்று நீங்களே சொல்கிறீர்கள். போடட்டும், உடனே கால் செய்யுங்கள். நீங்கள் டீலராக இருக்கும்போது 40க்கு மேல் ஏற்ற வேண்டாம். பத்தில் ஏழெட்டு கையை அந்த 40க்கே ஆடலாம். கடைசியாகப் பேசுகிற இடம் உங்களுடையது, பாட் சின்னதாக இருந்தால் அந்த இடத்தின் பலன் முழுக்க உங்களுக்குத்தான். இன்னொன்று: அவரிடம் நீங்கள் பொய் ஆட்டம் ஆட வேண்டாம். அந்த வேலையை அவர் இருவருக்கும் சேர்த்தே செய்கிறார்.

மச்சானைப் பைத்தியக்காரத்தனமாக ஆடுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் செய்வதில் பாதி சரியானது. இருவர் ஆட்டத்தில் டீலர் பத்தில் எட்டு கைக்கு மேல் ஆட வேண்டும் என்பதுதான் இன்றைய கணக்கு. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் செஃபியஸ் என்ற நிரலைக் கொண்டு, தொகைக்கு வரம்பு வைத்து இருவர் ஆடும் ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ், நீங்கள் ஆடுகிற வரம்பில்லாத ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கை ஆடி ஜெயித்தது. பாட்டில் இருப்பதைவிடப் பல மடங்கைத் தள்ளுவது அதற்குச் சர்வசாதாரணம். ஆனால் எந்தக் கையோடு, எத்தனைக்கு ஒரு முறை பொய் சொல்லலாம் என்ற அளவு அதற்குத் துல்லியமாகத் தெரியும். மச்சானுக்கு அந்த அளவு இல்லை. நீங்கள் இதுவரை வைத்துக்கொண்டே இருந்ததால் அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

எப்போது நிஜமாகவே கீழே வைப்பது? கையில் எதுவும் இல்லை, சேரவும் வழி இல்லை என்றால் தாராளமாக வையுங்கள். எல்லாவற்றையும் கால் செய்யச் சொல்லவில்லை. நடுவில் ஒரே ஜாதியில் நான்கு விழுந்துவிட்டால் உங்கள் ஒற்றை ஜோடியின் மதிப்பு போய்விட்டது. இவற்றைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது, அவர் வழக்கத்தை மாற்றுகிற இடம். ஃபிளாப்பில் எப்போதும் போடுகிறவர் ஒரு முறை செக் செய்து, அடுத்த சீட்டில் நீங்கள் போட்டதும் ஏற்றுகிறார் என்றால், அங்கே நிறுத்தி யோசியுங்கள். சத்தம் போடுகிறவர் அமைதியாகும்போது பெரும்பாலும் கையில் ஏதோ இருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பீர்கள், அதையும் சொல்லியாக வேண்டும். 60, 65 சதவீதம் என்றால் பத்து சனிக்கிழமையில் மூன்று நான்கு முறை தட்டுவடை உங்கள் செலவுதான். ஏஸ்-ராஜாவோடு கால் செய்து 8-5இடம் தோற்பீர்கள், மச்சான் சிரிப்பார். அடுத்த கையிலேயே பதிலுக்கு அடிக்கத் தோன்றும். அந்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்ப் பனியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்கிறேன். கோபத்தில் ஆடிய ஒரு கை, பொறுமையாக ஆடிய முப்பது கையைத் தின்றுவிடும்.

தைரியத்துக்கு ஒரு பயிற்சி. வாரநாளில் சாப்பாடு முடிந்ததும் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஏஸையும் ஏதாவதொரு 7ஐயும் உங்கள் பக்கம் வையுங்கள். மிச்சத்தைக் கலைத்து எதிர்ப்பக்கம் இரண்டு, நடுவில் ஐந்து. யார் ஜெயித்தார் என்று குறியுங்கள். மறுபடி கலையுங்கள். ஐம்பது முறை செய்தால் முப்பது பக்கம் உங்களுக்கு வரும். நடுவில் தொடர்ந்து மூன்று தோல்வியும் வரலாம். அதைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு 620ஐத் தள்ளும்போது கை நடுங்காது.

ஃபோனில் பணம் கட்டி ஆடுவது வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருந்த ரம்மியையும் போக்கரையும், அவை திறமை விளையாட்டு என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் ஆன்லைன் பண விளையாட்டு மொத்தத்தையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் கட்டி ஆடினால் தைரியம் வளராது, பயம்தான் வளரும். சம்பளத்தைத் திரையில் தொலைத்துவிட்டு, அதைத் திரும்ப எடுப்பதற்காகவே ஆட்டம் கற்றுக்கொடுங்கள் என்று என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு கைகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை, வீட்டில் உட்கார்ந்து பேசத்தான் சொல்லி அனுப்பினேன். உங்களிடம் காபிக்கொட்டை இருக்கிறது, எதிரே உட்கார மச்சான் இருக்கிறார். இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அதற்கு மேல் எதுவும் தேவை இல்லை.

இந்தச் சனிக்கிழமை ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டம் போதும். கடைசிச் சீட்டு வரை வந்து அவர் திருப்பிக் காட்டிய கை எது, அதற்கு எவ்வளவு போட்டார், ஃபிளாப்பில் போட்டாரா செக் செய்தாரா. மூன்று வாரம் எழுதி எனக்கு அனுப்புங்கள். அவர் பொய் சொல்வது பதினாறில் ஒன்றா, நான்கில் ஒன்றா என்பதை அதிலிருந்து எடுத்து, நடு ஜோடியோடு கடைசி வரை போகலாமா என்பதற்கு அப்போது சரியான பதில் எழுதுகிறேன்.